விலை குறைந்த ப்ராசசர்: பெயரைப் பார்த்து வாங்காதீர்கள், எண்ணைப் பார்த்து வாங்குங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்க நினைக்கும் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "ஐ3 போதுமா, ஐ5 வாங்கணுமா?" கடைக்காரரும் அதே மொழியில்தான் பதில் சொல்வார். "ஐ5 வாங்கிக்குங்க சார், ஸ்பீடா இருக்கும். விலையும் கம்மிதான்." ஐ3-ஐ விட ஐ5 பெரியது, அதுவும் குறைந்த விலையில் கிடைக்கிறது என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் இந்த இடத்தில்தான் பலருடைய பணம் வீணாகிறது. ஏனென்றால் "ஐ5" என்பது ஒரு ப்ராசசரின் பெயர் அல்ல. அது ஒரு வரிசையின் பெயர். அந்த வரிசையின் முதல் ப்ராசசர் 2009-ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளிவந்தது. அன்று வந்ததும் ஐ5தான், 2024-இல் வந்ததும் ஐ5தான்.

தூத்துக்குடி போன்ற ஊரில் வீட்டுக் கம்ப்யூட்டர் ஒன்று பல வேலைகளைச் செய்ய வேண்டியிருக்கிறது. பகலில் துறைமுகம் சார்ந்த கிளியரிங் வேலைக்கான பில்கள், உப்பளக் கணக்கு, கருவாட்டுக் கடையின் டாலி கணக்கு. மாலையில் பிள்ளைகளின் படிப்பு. இரவில் ஒரு சினிமா, கொஞ்சம் விளையாட்டு. இவ்வளவையும் ஐந்தாறு ஆண்டுகள் தாங்க வேண்டும். அதற்கு ஏற்ற ப்ராசசரை, கையில் இருக்கும் பணத்துக்குள் எப்படித் தேர்ந்தெடுப்பது என்று இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

ப்ராசசரை அளக்கும் நான்கு அளவுகள்

ப்ராசசர் பற்றிய விவரத் தாளில் பல எண்கள் இருக்கும். அவற்றில் நான்கைப் புரிந்துகொண்டால் போதும். துறைமுகத்தைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

கோர்: கப்பலில் இருந்து சரக்கை இறக்கும் கிரேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு கோர் என்றால் நான்கு கிரேன். ஒரே நேரத்தில் நான்கு வேலைகள் நடக்கும்.

திரெட்: ஒரு கிரேனுக்கு இரண்டு லாரி வரிசை நின்றால், ஒரு லாரி விலகும் நேரத்தில் கிரேன் சும்மா நிற்காமல் அடுத்த லாரிக்கு வேலை செய்யும். கிரேன் ஒன்றுதான், ஆனால் வீணாகும் நேரம் குறைகிறது. "4 கோர், 8 திரெட்" என்பதன் பொருள் இதுதான். 8 திரெட் என்பதை 8 கோர் என்று எண்ணிவிட வேண்டாம்.

க்ளாக் ஸ்பீட்: கிரேன் எவ்வளவு வேகமாக ஏறி இறங்குகிறது என்பது. இதை கிகாஹெர்ட்ஸில் சொல்வார்கள்.

கேஷ் மெமரி: கப்பல் நிற்கும் தளத்தின் பக்கத்திலேயே உள்ள சிறிய சரக்குக் கொட்டகை. அடிக்கடி தேவைப்படும் சரக்கை அங்கே வைத்தால் தூரத்துக் கிடங்குக்கு, அதாவது ராம் மெமரிக்குப் போய்வர வேண்டாம். கேஷ் அதிகம் இருந்தால் காத்திருக்கும் நேரம் குறையும்.

நான்கும் சேர்ந்ததுதான் ப்ராசசரின் திறன். ஒன்றை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான்.

கிகாஹெர்ட்ஸ் மட்டும் போதுமா?

போதாது. இதற்குப் பழைய உதாரணமே இருக்கிறது. 1998 ஏப்ரலில் இன்டெல் நிறுவனம் விலை குறைந்த கம்ப்யூட்டர்களுக்காக செலிரான் ப்ராசசரை அறிமுகப்படுத்தியது. விலையைக் குறைப்பதற்காக இரண்டாம் நிலை கேஷ் மெமரியை முழுவதும் எடுத்துவிட்டார்கள். 266 மெகாஹெர்ட்ஸ் வேகம் இருந்தும் அந்த ப்ராசசர் மந்தமாக இருந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த செலிரான் 300ஏ என்னும் ப்ராசசரில் 128 கேபி கேஷைச் சேர்த்தார்கள். உடனே அது வீட்டில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்வோரின் விருப்பமான ப்ராசசர் ஆகிவிட்டது. அதை 450 மெகாஹெர்ட்ஸ் வரை ஓட்டி, விலை கூடிய பென்டியம் 2-க்கு ஈடாகப் பயன்படுத்தியவர்கள் உலகெங்கும் உண்டு.

2001 அக்டோபரில் ஏஎம்டி நிறுவனம் அத்லான் எக்ஸ்பி 1800+ என்னும் ப்ராசசரை வெளியிட்டது. அதன் உண்மையான வேகம் 1.53 கிகாஹெர்ட்ஸ்தான். "எங்கள் ப்ராசசர் ஒரு துடிப்பில் அதிக வேலை செய்கிறது, ஆகவே மெகாஹெர்ட்ஸை மட்டும் பார்க்காதீர்கள்" என்பதைச் சொல்லத்தான் அந்த 1800+ என்ற எண்ணை வைத்தார்கள். அந்தப் பாடம் இன்றும் மாறவில்லை. பழைய தலைமுறையின் 3.6 கிகாஹெர்ட்ஸும் புதிய தலைமுறையின் 3.6 கிகாஹெர்ட்ஸும் ஒன்றல்ல.

எண்ணைப் படிப்பது எப்படி?

இன்டெல் கோர் வரிசையில் ஐ3, ஐ5, ஐ7 என்பதை அடுத்து ஒரு கோடும், அதன்பின் நான்கு அல்லது ஐந்து இலக்க எண்ணும் இருக்கும். அந்த எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களை விட்டுவிடுங்கள். முன்னால் மீதி இருப்பதுதான் தலைமுறை.

ஐ5-2400 என்றால் இரண்டாம் தலைமுறை, 2011.
ஐ5-3470 என்றால் மூன்றாம் தலைமுறை, 2012.
ஐ5-6500 என்றால் ஆறாம் தலைமுறை, 2015.
ஐ5-8400 என்றால் எட்டாம் தலைமுறை, 2017.
ஐ5-10400 என்றால் பத்தாம் தலைமுறை, 2020.
ஐ5-12400 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை, 2022.

இப்போது விலை மலிவான "ஐ5 கம்ப்யூட்டர்" விளம்பரங்களைப் பாருங்கள். பெரும்பாலும் தலைமுறை எண்ணைச் சொல்லியிருக்க மாட்டார்கள். கேட்டால் இரண்டாம் அல்லது மூன்றாம் தலைமுறை என்று தெரியவரும். வெளிநாட்டு அலுவலகங்களில் கழித்துக் கட்டிய கம்ப்யூட்டர்களில் இருந்து எடுத்த ப்ராசசர்கள் அவை. அவற்றுக்கென்றே எச்61 சிப்செட் கொண்ட மதர்போர்டுகளைப் புதிதாகத் தயாரித்து விற்கிறார்கள். மதர்போர்டு புதிது, கேபினட் புதிது, எஸ்.எம்.பி.எஸ். புதிது. ப்ராசசர் மட்டும் பத்து ஆண்டுகளுக்கும் மேல் பழையது. மூடிய பெட்டிக்குள் இருப்பதால் வாங்குகிறவருக்குத் தெரிவதில்லை.

ஒப்பிட்டுப் பார்ப்போம். ஐ5-3470-இல் 4 கோர், 4 திரெட், 6 எம்பி கேஷ். அதிகபட்ச வேகம் 3.6 கிகாஹெர்ட்ஸ். டிடிஆர்3 ராம்தான் பொருந்தும். 2022 ஜனவரியில் வந்த ஐ3-12100-இல் 4 கோர், 8 திரெட், 12 எம்பி கேஷ். அதிகபட்ச வேகம் 4.3 கிகாஹெர்ட்ஸ். டிடிஆர்4 அல்லது டிடிஆர்5 ராம் பொருந்தும். ஒரு கோரை மட்டும் எடுத்து ஒப்பிட்டாலே ஐ3-12100 ஒன்றரை மடங்குக்கும் மேல் வேலை செய்யும். பெயரில் சிறிய ஐ3, பெரிய ஐ5-ஐத் தோற்கடிக்கிறது.

விண்டோஸ் 11 என்ற கோடு

வேகம் குறைந்தால் பொறுத்துக்கொள்ளலாம். பாதுகாப்பு போனால் பொறுக்க முடியாது. விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் பதிவு செய்த வீட்டுப் பயனாளர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை என்று அறிவித்தது. அதன்பின் விண்டோஸ் 11தான்.

விண்டோஸ் 11 எல்லாக் கம்ப்யூட்டரிலும் முறையாக ஓடாது. டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை முதல், ஏஎம்டி என்றால் பொதுவாக ரைசன் 2000 வரிசை முதல் ஆதரவுப் பட்டியலில் இருக்கின்றன. ஏஎம்டியில் ஒரு சிக்கல் உண்டு. ரைசன் 3 2200ஜி, ரைசன் 5 2400ஜி ஆகிய இரண்டும் 2000 என்று பெயர் பெற்றிருந்தாலும் உள்ளே முந்தைய வடிவமைப்பு. அவை பட்டியலில் இல்லை.

"இந்த மூன்றாம் தலைமுறை ஐ5-இல் விண்டோஸ் 11 போட்டுக் காட்டுகிறேன், பாருங்கள்" என்று கடையில் சொல்லலாம். போட முடியும். சோதனையைத் தாண்டிச் செல்லும் வழிகள் இருக்கின்றன. ஆனால் அப்படிப் போட்ட கம்ப்யூட்டருக்கு அப்டேட்கள் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி அளிப்பதில்லை. வங்கிக் கணக்கும் ஜிஎஸ்டி கணக்கும் அதே கம்ப்யூட்டரில் திறக்கும் வீட்டில் இது விளையாட்டு அல்ல. வாங்கும் முன் மைக்ரோசாஃப்டின் "பிசி ஹெல்த் செக்" என்னும் இலவச அப்ளிகேஷனைக் கடையிலேயே ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பொருந்துமா இல்லையா என்று அதுவே சொல்லிவிடும்.

ஏற்கெனவே பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. லினக்ஸ் மின்ட் போன்ற இலவச லினக்ஸ் சிஸ்டத்தைப் போட்டால் இணையம் பார்க்கவும், தமிழில் டைப் செய்யவும், பிள்ளைகளின் படிப்புக்கும் நன்றாகவே பயன்படும். ஆனால் டாலி போன்ற விண்டோஸ் புரோகிராம்கள் அதில் நேரடியாக ஓடாது என்பதை நினைவில் வையுங்கள்.

முத்துச் சல்லடையும் ப்ராசசர் விலையும்

ஒரே நிறுவனம், ஒரே வடிவமைப்பு. பிறகு ஏன் இத்தனை மாடல், இத்தனை விலை? தூத்துக்குடிக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம்.

நம் கடலில் 1955 முதல் 1961 வரை நடந்த முத்துக்குளிப்புத்தான் கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு. அந்தக் காலத்தில் எடுத்த முத்துகளைத் தரம் பிரிக்கப் பத்துப் பித்தளைச் சல்லடைகளைப் பயன்படுத்தினார்கள். 20, 30, 50, 80, 100, 200, 400, 600, 800, 1000 என்று அவற்றுக்கு எண்கள். எண் ஏற ஏறத் துளை சிறிதாகும். முதல் சல்லடைகளில் தங்குவது பெரிய முத்து. அதன்பின் உருண்டை வடிவம், ஒளி, நிறம் ஆகியவற்றைக் கண்ணால் பார்த்து மீண்டும் பிரிப்பார்கள். மிக உயர்ந்ததற்கு ஆணி முத்து என்று பெயர். சிப்பி ஒன்றுதான், கடல் ஒன்றுதான்; சல்லடைதான் விலையைத் தீர்மானிக்கிறது.

ப்ராசசர் தொழிற்சாலையிலும் இதுதான் நடக்கிறது. வட்டமான ஒரு சிலிக்கான் தகட்டில் நூற்றுக்கணக்கான சிப்களை ஒரே நேரத்தில் அச்சிடுகிறார்கள். எல்லாம் ஒன்றுபோல் அமைவதில்லை. சிலவற்றில் ஒரு கோர் வேலை செய்யாது. சிலவற்றில் கிராபிக்ஸ் பகுதி பழுது. சில சிப்கள் அதிக வேகத்தில் சூடாகின்றன. சோதித்துப் பார்த்து, வேலை செய்யாத பகுதியை அணைத்துவிட்டு, வேறு மாடல் எண் கொடுத்து, விலையைக் குறைத்து விற்கிறார்கள். விற்பனைத் தேவைக்காக நல்ல பகுதியையே அணைத்து விற்பதும் உண்டு. இன்டெல்லின் ஐ3-12100எஃப் என்பது ஐ3-12100-தான். கிராபிக்ஸ் பகுதி மட்டும் அணைக்கப்பட்டது. ஏஎம்டியின் ரைசன் 5 5500, கிராபிக்ஸ் உள்ள ரைசன் 5 5600ஜி-யின் அதே வகைச் சிப். அதிலும் கிராபிக்ஸ் இல்லை.

ஆகவே விலை குறைந்த ப்ராசசர் என்றால் மட்டமான ப்ராசசர் என்று பொருள் இல்லை. உங்களுக்குத் தேவையில்லாத பகுதி அணைந்திருந்தால் அது உங்களுக்கு லாபம். தேவையான பகுதி அணைந்திருந்தால் நஷ்டம். இதைத் தெரிந்துகொள்ள எண்ணின் கடைசி எழுத்தைப் பாருங்கள்.

இன்டெல்லில் எஃப்: கிராபிக்ஸ் இல்லை. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாவிட்டால் மானிட்டரில் படமே வராது.
இன்டெல்லில் கே: வேகத்தை நாமே கூட்டிக்கொள்ளலாம். பெட்டியில் ஃபேன் வராது. புதியவர்களுக்குத் தேவையில்லை.
இன்டெல்லில் டி: மின்சாரம் குறைவாக எடுக்கும், வேகமும் குறைவு.
ஏஎம்டியில் ஜி: நல்ல கிராபிக்ஸ் உள்ளேயே உண்டு.
ஏஎம்டி ஏஎம்4 சாக்கெட்டில் ஜி இல்லாத ரைசன் எண்கள்: கிராபிக்ஸ் இல்லை.

புதிதாக வாங்குவோர் செய்யும் பெரிய பிழை, நூறு இருநூறு ரூபாயிலிருந்து சில ஆயிரம் வரை விலை குறைகிறதே என்று எஃப் மாடலை வாங்கி, வீட்டுக்கு வந்து கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு இருப்பதுதான்.

யாருக்கு எது?

கடைகளில் இருப்பு மாதத்துக்கு மாதம் மாறும். எனவே கீழே சொல்பவற்றை மாதிரிகளாக எடுத்துக்கொண்டு, அதே தரத்தில் கிடைப்பதைப் பாருங்கள்.

டைப்பிங், இணையம், டாலி, பிள்ளைகளின் பாடம்: ஐ3-12100 அல்லது அதை அடுத்து வந்த ஐ3-14100. இரண்டும் 4 கோர், 8 திரெட். கிராபிக்ஸ் உள்ளேயே இருப்பதால் தனி கார்டு வேண்டாம். இரண்டு கோர் மட்டும் கொண்ட பென்டியம் கோல்டு ஜி7400 இன்னும் விலை குறைவு, டைப்பிங்குக்குப் போதும். ஆனால் பிரவுசரில் பத்து டேப் திறந்து, கூடவே வீடியோ வகுப்பும் நடந்தால் திணறும். ஐந்தாண்டு வைத்திருக்க நினைத்தால் நான்கு கோருக்குக் கீழே போகாதீர்கள்.

படிப்போடு கொஞ்சம் விளையாட்டு, போட்டோ, சிறிய வீடியோ எடிட்டிங்: ரைசன் 5 5600ஜி. 6 கோர், 12 திரெட், 16 எம்பி கேஷ். இதன் கிராபிக்ஸ் ஐ3-12100-இல் உள்ளதைவிடத் திறமையானது. இதற்கு ராம் போடும்போது 16 ஜிபி ஒரே துண்டாகப் போடாமல் 8 ஜிபி இரண்டு துண்டாகப் போடுங்கள். உள் கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, ராமைத்தான் பயன்படுத்துகிறது. இரண்டு துண்டு என்றால் இரண்டு வழிப் பாதை. விளையாட்டில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

தனி கிராபிக்ஸ் கார்டு போட்டு விளையாட: இப்போது எஃப் மாடல் சரி. ஐ5-12400எஃப் அல்லது ரைசன் 5 5600. மிச்சமாகும் பணத்தைக் கார்டில் போடுங்கள்.

பின்னாளில் ப்ராசசரை மட்டும் மாற்றிக்கொள்ள நினைப்பவர்கள்: ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட். 2022 செப்டம்பரில் வந்த இதில் ரைசன் 5 7600, 8600ஜி போன்றவை பொருந்தும். டிடிஆர்5 ராம்தான் போட முடியும்; முதல் செலவு கூடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. 2025-இன் இறுதியில் ராம் விலை உலகெங்கும் கடுமையாக ஏறியது. ப்ராசசரில் ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடித்து, ராமில் இரண்டாயிரம் கூடுதலாகக் கொடுப்பதில் பயன் இல்லை. எப்போதும் ப்ராசசர், மதர்போர்டு, ராம் மூன்றையும் சேர்த்து ஒரே விலையாகக் கேளுங்கள். வீட்டில் ஏற்கெனவே டிடிஆர்4 ராம் இருந்தால், டிடிஆர்4 போர்டைத் தேர்ந்தெடுத்து அதையே பயன்படுத்தலாம்.

மதர்போர்டோடு ஜாதகப் பொருத்தம்

ப்ராசசரும் மதர்போர்டும் பொருந்த வேண்டும். முதலில் சாக்கெட். இன்டெல்லின் 12, 13, 14-ஆம் தலைமுறைகளுக்கு எல்ஜிஏ1700. ரைசன் 5000 வரிசைக்கு ஏஎம்4. ஒன்றுக்கு உரியது மற்றொன்றில் உட்காராது.

அடுத்தது ராம். எல்ஜிஏ1700 போர்டுகளில் டிடிஆர்4 போர்டு வேறு, டிடிஆர்5 போர்டு வேறு. பெட்டியில் எழுதியிருக்கும்; படித்துப் பாருங்கள்.

மூன்றாவது பயாஸ். போர்டு கடையில் நெடுநாள் கிடந்திருந்தால் அதன் பயாஸ் பழையதாக இருக்கும். 14-ஆம் தலைமுறை ப்ராசசரைப் பழைய 600 வரிசை போர்டில் போட்டாலும், ரைசன் 5000-ஐப் பழைய 400 வரிசை போர்டில் போட்டாலும் கம்ப்யூட்டர் உயிர் பெறாமல் நிற்கலாம். ப்ராசசர் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். பயாஸை அப்டேட் செய்தால் சரியாகும். இதைக் கடையிலேயே செய்து தரச் சொல்வது நல்லது.

நீங்களே பொருத்துவதாக இருந்தால் ஊசிகளைக் கவனியுங்கள். ஏஎம்4-இல் ஊசிகள் ப்ராசசரில் இருக்கும். எல்ஜிஏ1700-இல் சாக்கெட்டில் இருக்கும். முக்கோணக் குறியை முக்கோணக் குறியோடு பொருத்தி வைத்தால் தானாக உட்காரும். அழுத்தக் கூடாது.

பழைய ப்ராசசர் வாங்கலாமா?

முத்துக்குளிப்பு முகாம்களில் சிப்பிகளை எண்ணிக் குவித்து, ஆயிரத்துக்கு இவ்வளவு என்று திறக்காமலேயே ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பழைய கம்ப்யூட்டரை மூடிய கேபினட்டோடு வாங்குவதும் அப்படித்தான். ஆனால் இங்கே ஒரு வசதி உண்டு. பணம் கொடுக்கும் முன் திறந்து பார்க்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

கம்ப்யூட்டரை ஆன் செய்து, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று கீகளையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியூ என்பதைக் கிளிக் செய்தால் ப்ராசசரின் முழுப் பெயரும் எண்ணும் வலது மேல் மூலையில் தெரியும். கோர் எத்தனை, கேஷ் எவ்வளவு என்பதும் அங்கேயே இருக்கும். சிபியூ-இசட் என்னும் இலவசப் புரோகிராம் இன்னும் விரிவாகக் காட்டும். சொன்ன எண்ணும் திரையில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள்.

ப்ராசசர் எளிதில் கெடாது. கெடுவது மதர்போர்டும் எஸ்.எம்.பி.எஸ்.ஸும்தான். ஆகவே பழையது வாங்கினால், பெரிய கம்பெனிகள் தயாரித்த அலுவலகக் கம்ப்யூட்டரை, அதன் அசல் போர்டோடு வாங்குவது நல்லது. எட்டாம் தலைமுறைக்குக் கீழே வேண்டாம். 6 கோர் கொண்ட ஐ5-8500 போன்றது நியாயமான விலையில், எழுத்தில் வாரண்டியோடு கிடைத்தால் வாங்கலாம். 13, 14-ஆம் தலைமுறையின் ஐ5-13600கே முதல் மேலே உள்ள மாடல்களைப் பழையதாக வாங்கும்போது கவனம் தேவை. அவற்றில் மின்னழுத்தக் கோளாறால் ப்ராசசர் நிலை தடுமாறுவதை 2024-இல் இன்டெல்லே ஒப்புக்கொண்டு, பயாஸ் திருத்தம் வெளியிட்டு, வாரண்டியையும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. ஐ3 வாங்குவோருக்கு இந்தக் கவலை இல்லை.

புதியது வாங்கினால் பெட்டியோடு உள்ளதை வாங்குங்கள். இன்டெல், ஏஎம்டி இரண்டும் பெட்டியில் வரும் ப்ராசசருக்கு மூன்று ஆண்டு வாரண்டி தருகின்றன. பெட்டி இல்லாமல் "ட்ரே" என்று விற்பதற்கு விற்றவர்தான் பொறுப்பு.

கடற்கரை ஊரில் கவனிக்க வேண்டியவை

வெயில்: ப்ராசசரின் வெப்பம் அறையின் வெப்பத்தில் இருந்துதான் தொடங்குகிறது. சித்திரை வெயிலில் அறையே 35 டிகிரியைத் தாண்டினால், குளிர்ந்த ஊரில் 60 டிகிரியில் ஓடும் ப்ராசசர் இங்கே 75-ஐத் தொடும். ஐ3-12100-க்கு 100 டிகிரியும், ரைசன் 5 5600ஜி-க்கு 95 டிகிரியும் எல்லை. எல்லையை நெருங்கினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எனவே 60, 65 வாட் ப்ராசசர்கள் நம் ஊருக்கு ஏற்றவை. பெட்டியோடு வரும் ஃபேனே போதும். கேபினட்டில் காற்று உள்ளே வரவும் வெளியே போகவும் வழி இருக்க வேண்டும்.

உப்புக் காற்று: கடல் காற்றின் உப்பும் ஈரமும் சேர்ந்து போர்டின் உலோக முனைகளை அரிக்கும். கடல் பார்த்த ஜன்னலுக்கு நேரே கேபினட்டை வைக்காதீர்கள். பிளாஸ்டிக் உறை போட்டு மூடி வைத்தால் ஈரம் உள்ளேயே தங்கும். தினமும் சிறிது நேரம் ஓடும் கம்ப்யூட்டர் தன் சூட்டிலேயே ஈரத்தை விரட்டிக்கொள்ளும். மாதம் ஒருமுறை தூசியை உலர்ந்த பிரஷால் துடையுங்கள்.

மழை: 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியதை யாரும் மறந்திருக்க முடியாது. கேபினட்டைத் தரையில் வைக்காதீர்கள். மேஜை மேல் வையுங்கள். கணக்குகளின் நகல் ஒன்று பென் டிரைவிலோ இணையத்திலோ இருக்கட்டும்.

மின்சாரம்: கம்ப்யூட்டரும் மானிட்டரும் சேர்ந்து சராசரியாக 70 வாட் எடுப்பதாக வைத்துக்கொண்டால், தினம் 5 மணி நேரம் ஓட்ட இரண்டு மாதத்துக்கு 21 யூனிட் ஆகும். கிராபிக்ஸ் கார்டு போட்டு விளையாடி, சராசரி 200 வாட் ஆனால் 60 யூனிட். சிக்கனமான ப்ராசசர் வாங்கும்போது மட்டும் அல்ல, ஒவ்வொரு பில்லிலும் மிச்சம் தரும். சிறிய யுபிஎஸ் ஒன்றும் மூன்று முனை எர்த் இணைப்பும் கட்டாயம்.

நம் நாட்டு ப்ராசசர்

ப்ராசசர் என்றாலே இன்டெல், ஏஎம்டி மட்டும்தானா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. சென்னை ஐஐடியில் பேராசிரியர் காமகோடி தலைமையிலான குழு "சக்தி" என்னும் ப்ராசசர் வரிசையை வடிவமைத்தது. ரிஸ்க்-5 என்னும் திறந்த வடிவமைப்பைக் கொண்டது அது. 2018-இல் அதன் ஒரு சிப் அமெரிக்காவில் உள்ள இன்டெல் ஆலையிலும், இன்னொன்று சண்டிகர் அருகே உள்ள நம் அரசின் ஆலையிலும் தயாராகி ஓடின. வீட்டுக் கம்ப்யூட்டருக்காக அல்ல, கருவிகளுக்குள் வைக்கத்தான் இவை முதலில் உருவாயின. கம்ப்யூட்டர் படிக்கும் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர்.

கடைக்குப் போகும் முன்

இந்தக் கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பாளை ரோட்டுக் கடையோ, சென்னை ரிச்சி தெருவோ, எங்கே வாங்கினாலும் கேளுங்கள்.

1. ப்ராசசரின் முழு எண் என்ன? கடைசி எழுத்து என்ன?
2. எந்த ஆண்டு வெளிவந்தது?
3. கிராபிக்ஸ் உள்ளே உண்டா?
4. விண்டோஸ் 11 ஆதரவுப் பட்டியலில் உண்டா? விண்டோஸ் லைசன்ஸ் உண்டா?
5. ராம் டிடிஆர் எத்தனை? இன்னும் ஒரு துண்டு போட இடம் உண்டா?
6. பெட்டியோடு வருகிறதா? ஃபேன் உண்டா?
7. வாரண்டி யார் தருவது, எத்தனை ஆண்டு?
8. 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்த விலையா?

பில்லில் "ஐ5 சிஸ்டம் ஒன்று" என்று எழுதித் தந்தால் வாங்காதீர்கள். ப்ராசசரின் முழு எண், போர்டின் பெயர், ராமின் அளவு எல்லாம் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். பிறகு வாரண்டி கேட்கும்போது அந்த ஒரு தாள்தான் உங்களுக்காகப் பேசும். முழு எண்ணை எழுதத் தயங்கும் கடையில் பணத்தைக் கொடுக்காமல் அடுத்த கடைக்கு நடந்துவிடுங்கள்.